தைராய்டு கஷாயக்காரர்கள் கணக்குக் காட்டுவார்களா?

நமது செட்டிநாடு கணக்குக்குப் பேர்போன நாடு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்கப் போன காலத்தில், கடல் தாண்டி இருந்த கடையில் ஒரு காசு குறைந்தாலும் காரைக்குடியில் இருந்துகொண்டே ஐந்தொகையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று கேட்காமல் கூடப்பிறந்தவனிடத்திலும் பணம் கொடுக்காதவர்கள் நம்மவர்கள். அப்படிப்பட்டவர்கள், தங்கள் வீட்டுப் பெண்களின் கழுத்தையும், அவர்கள் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையையும் மாத்திரம் கணக்கே இல்லாத ஒரு கூட்டத்தாரிடம் ஒப்புவித்துவிட்டு நிம்மதியாய் இருக்கிறார்களே, இதற்கு என்ன பெயர் கொடுப்பது?

நாம் சொல்லுவது தைராய்டு வைத்தியத்தைப் பற்றியேயாகும். இப்பொழுது எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும், வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது இந்த வியாதி இருக்கிறது என்கிறார்கள். 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சென்னை உள்பட நம் நாட்டின் 8 பட்டணங்களில் 5,000-க்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, 100-க்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருக்கக் கண்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆகவே இது பெரிய வியாதி; பெரிய வியாதி என்றால் பெரிய வியாபாரம் என்று அர்த்தம்.

அந்த வியாபாரம் எப்படி நடக்கிறதென்று பாருங்கள். முன்பெல்லாம் சந்தையில் துணி விரித்து வேரும் பட்டையும் வைத்துக்கொண்டு கத்துவார்கள். இப்பொழுது அந்தக் கத்தல் கைபேசிக்குள் புகுந்துகொண்டது. கொத்தமல்லி விதையை ஊறவைத்துக் குடி, மந்தாரைப் பட்டையைக் காய்ச்சிக் குடி, அமுக்கராச் சூரணத்தைப் பாலில் போட்டுக் குடி, கருஞ்சீரகத்தை மென்று தின், 48 நாளில் தைராய்டு வேரோடு போய்விடும் என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் விடிந்தால் பொழுதுபோனால் உபதேசம். கல்லுக்கட்டிப் பக்கம் போனாலும் பேச்சு அதுதான், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பேச்சு அதுதான். இதோடு நின்றால்கூட நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். மல்லித் தண்ணீரைக் குடித்து யாரும் செத்ததாக நாம் கேள்விப்படவில்லை. ஆனால் இந்த உபதேசத்தின் வாலில் ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டு வருகிறது. "ஆச்சி, முதலில் அந்த இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திப்போடுங்கள், அது உடம்பில் இருக்கிற வரைக்கும் நம்ம மருந்து வேலை செய்யாது" என்பதுதான் அது. நம்முடைய சண்டையெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல ஒட்டியிருக்கும் 20 கிராம் எடையுள்ள ஒரு சிறு சுரப்பி. அது அயோடின் என்ற பொருளைச் சேர்த்துத் தைராக்சின் என்ற சரக்கை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது. அந்தச் சரக்கின் அளவுக்குத் தக்கபடிதான் நம் சரீரத்தின் அடுப்பு எரிகிறது. குறைந்தால் அசதி, உடம்பு பருத்தல், மலச்சிக்கல், முடி உதிர்தல், குரல் கம்முதல், மாதவிலக்குத் தவறுதல், குளிர் தாங்காமை ஆகியவை வரும். மிஞ்சினால் நெஞ்சு படபடப்பு, இளைப்பு, கைநடுக்கம் வரும். குறைந்தவளுக்குக் கூட்டவேண்டும், மிஞ்சினவளுக்குக் குறைக்கவேண்டும். நமது கஷாயக்காரரோ இரண்டு பேருக்கும் ஒரே பொட்டலத்தைக் கொடுக்கிறார். கடன்காரனுக்கும் கடன் கொடுத்தவனுக்கும் ஒரே சீட்டு எழுதிக்கொடுக்கும் கணக்குப்பிள்ளையை நம்மவர்கள் ஒரு நாளாவது கடையில் வைத்திருப்பார்களா?

இந்தச் சரக்குக் குறைந்து, முகம் வீங்கி, புத்தி மந்தித்துச் சாகக்கிடந்தவர்களுக்கு 1891-க்கு முன் உலகத்தில் எங்குமே வைத்தியம் இல்லை. அந்த வருஷம் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து 46 வயதுள்ள ஒரு அம்மாளுக்கு ஊசியாகப் போட்டார். பிறகு வாய் வழியாகவே கொடுத்தார். அந்த அம்மாள் 28 வருஷம் பிழைத்திருந்து 1919-ல்தான் காலமானார். அதற்குள் 870 ஆடுகளுக்கு மேல் அவருக்காகச் செலவாயின என்று மர்ரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். இதல்லவா வைத்தியனுடைய கணக்கு! பிறகு 1914-ல் அமெரிக்காவில் கெண்டல் என்பவர் அந்தச் சரக்கைத் தனியே பிரித்தெடுத்தார். 3 டன் பன்றிச் சுரப்பியைக் காய்ச்சியதில் கிடைத்தது 33 கிராம். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் ஆடு பன்றி ஒன்றும் இல்லாமலே அதைச் செய்துகாட்டிவிட்டார்கள். இன்றைக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ரூபாய்க்கு மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை அதுதான். அதை "இங்கிலீஷ் விஷம்" என்று சொல்லுகிறவர்கள், அது ஒவ்வொரு மனிதனுடைய கழுத்திலும் ஊறிக்கொண்டிருக்கும் அதே பொருள்தான் என்பதை அறியாமல் சொல்லுகிறார்களா, அறிந்தே சொல்லுகிறார்களா?

நாம் பச்சிலைக்கு விரோதிகள் என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். தைராய்டு வைத்தியமே தாவரத்திலிருந்துதான் கிளம்பியது. சீன தேசத்தில் வெகுகாலமாகக் கழுத்துக் கழலைக்குக் கடற்பாசி கொடுத்துவந்தார்கள். நமது பக்கத்து மண்டபம் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருகிறார்களே, அந்த மாதிரிப் பாசிதான். 1811-ல் பிரான்சில் குர்த்துவா என்பவர் பாசியின் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டுபிடித்தார். 1820-ல் ஜெனீவாவில் குவாந்தே என்ற டாக்டர், பாசியில் இருந்து குணம் செய்தது இந்த அயோடினாகத்தான் இருக்கவேண்டுமென்று ஊகித்து அதையே கழலைக்குக் கொடுத்தார். அளவு தெரியாமல் கொடுத்ததில் சிலருக்குக் கெடுதலும் வந்தது. அதைப் பார்த்துத்தான் அளவைக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு சங்கதி: 1928-ல் அமெரிக்காவில் முயல்களுக்கு முட்டைக்கோஸையே தீனியாகப் போட்டுவந்ததில் அவற்றுக்குக் கழலை கிளம்பியது. முட்டைக்கோஸ் குலத்துச் செடிகளில் தைராய்டை அடக்கும் சத்து இருக்கிறதென்று அதிலிருந்து ஆராயப்போய், 1943-ல் சுரப்பு மிஞ்சினவர்களுக்கு மாத்திரை கண்டுபிடித்தார்கள். ஆகவே இலையையும் பாசியையும் மதித்தவர்கள் யார்? அதைப் பிழிந்து, நிறுத்து, அளந்து, எந்தத் துளி குணம் செய்கிறதென்று தேடிக் கண்டவர்களா? அல்லது சித்தர் சொன்னார், பாட்டி சொன்னாள் என்று சொல்லிப் பொட்டலம் கட்டிக் காசு வாங்குகிறவர்களா?

"இலைதானே, என்ன கெடுதல்?" என்கிறார்கள். அரளியும் இலைதான், எட்டியும் கொட்டைதான், ஊமத்தையும் காய்தான்! நம் கிராமத்தாருக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. அமுக்கராவை எடுத்துக்கொள்ளுவோம். அதைக் கொண்டு 2018-ல் 50 பேரை வைத்து 8 வாரம் ஒரு சோதனை நடந்தது. சுரப்பு இலேசாகக் குறைந்தவர்களுக்கு அது கொஞ்சம் ஏறியதாகக் கண்டார்கள். சந்தோஷம். ஆனால் அது 50 பேர், 8 வாரம், அதிலும் இலேசான கோளாறு. அதைக் காட்டி, 10 வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவளை நிறுத்தச் சொல்ல யாருக்கு யோக்கியதை வந்தது? அதே அமுக்கராவைத் தின்று சுரப்பு மிஞ்சி நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றியும், ஈரல் கெட்டவர்களைப் பற்றியும் வைத்தியப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். குணம் செய்யக்கூடிய பொருள் அளவு தப்பினால் கெடுதலும் செய்யும். கெடுதலே செய்யாது என்றால் குணமும் செய்யாது என்றுதான் அர்த்தம்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதாவது தெரியுமா? 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் 14-ல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. 2013-ல் அதே தேசத்தில் "தைராய்டுக்கு உதவும்" என்று விற்ற 10 சரக்குகளைச் சோதித்ததில், 9-ல் தைராய்டுச் சரக்கே கலந்திருந்தது! அதாவது மாத்திரை வேண்டாம் என்று ஓடியவர்களுக்கு, அளவு சொல்லாமல், பெயர் சொல்லாமல், அந்த மாத்திரைச் சரக்கையே பச்சிலை விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

"அப்படியானால் எத்தனையோ பேருக்குக் குணமாயிற்று என்கிறார்களே, அவர்களெல்லாம் பொய்யர்களா?" என்று கேட்கலாம். இல்லை, அவர்கள் பொய் சொல்லவில்லை, ஏமாந்திருக்கிறார்கள். எப்படி என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லுகிறோம். தைராக்சின் மாத்திரை, நிறுத்தின மறுநாள் சரீரத்தைவிட்டுப் போய்விடும் சரக்கல்ல. அது பாதியாகக் குறையவே 7 நாள் ஆகும். பாக்கிப் பாதியில் பாதி குறைய இன்னும் 7 நாள். ஆகவே மாத்திரையை நிறுத்திக் கஷாயத்தை ஆரம்பித்தவளுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. பழைய மாத்திரையின் தயவில் நடமாடிக்கொண்டு, "பார்த்தாயா, கஷாயம் பிடித்துவிட்டது" என்று தெருவெல்லாம் சொல்லுவாள். அவள் சொன்னதைக் கேட்டு நாலு பேர் மாத்திரையை நிறுத்துவார்கள். 3 மாதம் கழித்து அவள் முகம் ஊதிப் படுக்கையில் கிடக்கும்போது, யாரும் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லுவதில்லை. வரவு மாத்திரம் எழுதிப் பற்றை எழுதாத கணக்கு இது.

இன்னொரு வகையும் உண்டு. பிரசவமான பெண்களில் சிலருக்கு ஒரு வருஷத்துக்குள் தைராய்டு கெட்டு, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். என்ற கணக்கு இலேசாக ஏறியிருந்த பலருக்கும், ஒன்றும் செய்யாமலே சில மாதத்தில் இறங்கிவிடுவதுண்டு. இந்த இரண்டு வகையாரும் அந்தச் சமயத்தில் எதைத் தின்றிருந்தாலும் அதற்கே பெயர். மல்லித் தண்ணீர் குடித்தவள் மல்லியைப் புகழுவாள், குன்றக்குடிக்கு நேர்ந்துகொண்டவள் முருகனைப் புகழுவாள், தாயத்துக் கட்டினவள் தாயத்தைப் புகழுவாள். ஒன்றும் செய்யாதவள் ஒருத்தியும் இருந்திருப்பாள். அவள் வாயைத் திறக்கமாட்டாள், ஏனெனில் அவளுக்குப் புகழ ஒன்றும் இல்லை. ஆகையினால்தான் மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கவேண்டும் என்கிறோம்.

கழுத்து வீங்கினால் எல்லாவற்றையும் "கண்டமாலை" என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்டமாலை என்பது பெரும்பாலும் க்ஷயத்தால் கழுத்து நெறிகள் கட்டுவது; தைராய்டுக் கழலை வேறு; புற்றுக்கட்டி வேறு. இந்த மௌட்டியம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. இங்கிலாந்தில் ராஜா தொட்டால் கண்டமாலை போய்விடும் என்று நூற்றுக்கணக்கான வருஷம் நம்பினார்கள். சாமுவேல் ஜான்சன் என்ற பெரிய பண்டிதரை, 1712-ல் அவர் குழந்தையாயிருந்தபோது, ஆன் ராணியிடம் தூக்கிக்கொண்டுபோய்த் தொடச் செய்தார்கள். வியாதி போகவில்லை, தழும்புதான் ஆயுசுக்கும் நின்றது. வெள்ளைக்காரன் அதை விட்டுவிட்டான். நாம் எதை விட்டோம்?

நிற்க, இதில் நமக்கு வயிற்றெரிச்சலான பாகம் கர்ப்பஸ்திரீகளைப் பற்றியது. வயிற்றுப் பிள்ளைக்குத் தன்னுடைய தைராய்டு வேலை செய்ய ஆரம்பிப்பதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் அதன் மூளை வளரத் தாயின் தைராக்சினைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் கர்ப்பமானவுடன் மாத்திரையைக் கூட்டவேண்டி வருமே ஒழியக் குறைக்கவே கூடாது. நம் வீடுகளில் நடப்பது என்ன? "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இங்கிலீஷ் மாத்திரை சூடு" என்று மாமியார் சொல்லுவார், அப்பத்தா ஆமோதிப்பார், கைபேசி வைத்தியர் சாட்சி சொல்லுவார், புருஷன் வாய் திறக்கமாட்டான். மாத்திரை குப்பைக்குப் போகும். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கர்ப்பகாலத்தில் சுரப்புக் குறைந்தும் மருந்து சாப்பிடாதிருந்த தாய்மாரின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தபோது, மற்றப் பிள்ளைகளைவிடப் புத்திக் கணக்கில் 7 புள்ளி குறைந்திருக்கக் கண்டார்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தோற்றால் "தலையெழுத்து" என்பார்கள். தலையில் எழுதினது பிரம்மா அல்ல. மாத்திரையைப் பிடுங்கின கை.

பிறக்கும்போதே தைராய்டு வேலை செய்யாத குழந்தைகள் நம் நாட்டில் ஏறக்குறைய 1,000-க்கு ஒன்று பிறக்கின்றன. பார்வைக்குக் கொழுகொழுவென்று, அழாமல், தூங்கிக்கொண்டே இருக்கும். "சமத்துக் குழந்தை" என்று திருஷ்டி கழிப்பார்கள். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தவறினால் ஆயுசுக்கும் மந்தம், எந்த மருந்தாலும் மீளாது. கேரளத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே இச்சோதனையைச் செய்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்த நாழிகை ஒரு நிமிஷம் தப்பாமல் குறித்து ஜோசியரிடம் ஓடுகிற நம்மவர்கள், இந்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கேட்டு வாங்குகிறார்களா?

உப்பு விஷயமும் இதோடு சேர்ந்ததே. வடக்கே காங்கிரா பள்ளத்தாக்கில் கழலை மிகுதியாயிருந்தது. 1956 முதல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவரது கூட்டத்தாரும் அப்பிரதேசத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்கு வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷத்தில் அயோடின் போன பக்கம் கழலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு மனிதனுக்கு ஆயுள் முழுவதற்கும் வேண்டிய அயோடின் ஒரு தேக்கரண்டிதான். அதைக்கூடக் கொடுக்கவிடாமல், "அயோடின் உப்பு கம்பெனிச் சதி" என்று பிரசாரம் செய்கிறார்கள். அயோடின் சேராத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாதென்று 2006-ல் சர்க்கார் தடுத்தும், 2018-19-ல் எடுத்த கணக்கில் தேசம் முழுவதும் 100-க்கு 76 வீடுகளில் சரியான அயோடின் உப்பு இருக்க, தமிழ்நாட்டில் 62 வீடுகளில்தான் இருந்தது; மாகாணங்களில் கடைசி நாம். தூத்துக்குடி உப்பு நம்முடையது, வாலிநோக்கத்தில் சர்க்காரே உப்பளம் நடத்துகிறது, அப்படியிருந்தும் கடைசி! பணக்கார வீடுகளிலோ இப்போது இந்துப்பு மோகம். விலை பல மடங்கு, அயோடின் கணக்கில் சேராது. ஒன்று மாத்திரம் ஞாபகமிருக்கட்டும்: உப்பு கழலை வராமல் காப்பதற்கே. 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் கண்டெழுதிய, சரீரமே தன் சுரப்பியைத் தாக்கும் வியாதிக்கு உப்பு மருந்தாகாது. இன்று நம் பெண்களுக்கு வருவது அநேகமாக அதுதான். அவர்கள் உப்பையோ பாசியையோ மருந்தென்று எண்ணி அள்ளித் தின்றால் கெடுதலே.

டாக்டர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று ரூபாய் மாத்திரைக்கு முப்பது சோதனை எழுதுகிறவர்களும், கமிஷன் வாங்கிக்கொண்டு "முழு உடல் பரிசோதனை"க்கு விரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தென் கொரியாவில் எல்லாருடைய கழுத்தையும் ஸ்கேன் செய்யப்போய், 2011-ல் தைராய்டுப் புற்று என்று பெயர் சூட்டப்பட்டவர்கள் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கானார்கள். சாவு மாத்திரம் குறையவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் கழுத்தை வீணாக அறுத்தார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலேசான குறைவுக்கு மாத்திரை கொடுத்ததில் பிரயோஜனமில்லை என்று 2017-ல் 737 பேரை வைத்துக் கண்டார்கள். ஆனால் இந்தத் தப்பை யார் கண்டுபிடித்தது? அந்த டாக்டர்களே எண்ணிப் பார்த்து எழுதி, "நாங்கள் செய்தது தப்பு" என்று அச்சுப் போட்டார்கள். கஷாயக்காரர்களில் ஒருவராவது அப்படி ஒரு வரி எழுதினதுண்டா?

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1954-ஆம் வருஷத்து மருந்து, மாந்திரீக மருந்து விளம்பரச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத 54 வியாதிகளின் பட்டியலில் கழுத்துக் கழலையும் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை ஜெயில். சட்டம் காகிதத்தில் தூங்குகிறது, விளம்பரம் கைபேசியில் விழித்திருக்கிறது. 1948-ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் ஊரில், சிவகங்கையில் 2012 முதல் மெடிக்கல் காலேஜே இருக்கும்போது, தைராய்டுப் பொட்டலக்காரனுக்குக் கூட்டம் கூடுகிறது!

மாத்திரை சாப்பிடுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியைத் தள்ளிவையுங்கள். இரும்பு, கால்ஷியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதைச் செய்யாமல் "மாத்திரை பிடிக்கவில்லை" என்று சொல்லுகிறவர்கள் அநேகர். டோஸ் மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். கஷாயம் குடித்தே தீரவேண்டுமானால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் குடியுங்கள்; மாத்திரையை மாத்திரம் அவரைக் கேட்காமல் விடாதீர்கள். கர்ப்பமாயிருந்தால் யார் சொன்னாலும் விடாதீர்கள், புருஷன் சொன்னாலும் சரி, மாமியார் சொன்னாலும் சரி.

தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் தைராய்டுக்குப் பொட்டலம் கொடுக்கிறவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். இதுவரை எத்தனை பேர் வந்தார்கள், மருந்து கொடுக்குமுன் ரத்தக் கணக்கு என்ன, 6 மாதம் கழித்து என்ன, நடுவில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லுகிறதை அப்படியே எழுதி நமக்கு அனுப்புங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல் பிரசுரிக்கிறோம்.